வீட்டுக்காரர் இல்லாத வீட்டுக்கு ஹோம்ஸ்டே என்று பெயரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடைக்கானல் கீழ்மலையில், பண்ணைக்காட்டுக்கும் தாண்டிக்குடிக்கும் நடுவே ஒரு காபித் தோட்டத்துக்குள் இருக்கிறது எங்கள் வீடு. பதினோரு வருடமாக அதில் மூன்று அறைகளை விருந்தாளிகளுக்கு விடுகிறோம். உங்கள் நாளிதழ் எங்களுக்கு வத்தலக்குண்டு பஸ்ஸில் வரும். பஸ் வராத நாளில் முந்தைய நாள் பேப்பரையே எங்கள் வீட்டுக்காரர் இன்னொரு தடவை படித்து முடிப்பார். மார்ச் பிறந்தாலே ‘கோடைக்கு எங்கே போகலாம்’ என்று பக்கம் பக்கமாக வருகிறது. இடையிடையே ஹோம்ஸ்டே விளம்பரங்கள். குடும்பம் குடியிருக்கிற வீட்டிலேயே விருந்தாளிக்கு அறை விடுவதுதான் ஹோம்ஸ்டே. அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எங்கள் தோட்டத்துக்கு மேல்புறம் இருந்த நிலம் சில வருடத்துக்கு முன் கைமாறியது. இப்போது அங்கே பன்னிரண்டு அறைகளுடன் ஒரு கட்டடம் நிற்கிறது. பெயர்ப்பலகையில் ‘இயற்கையோடு இணைந்த ஹோம்ஸ்டே’ என்று பச்சைப் பெயின்டில் எழுதியிருக்கிறார்கள். அந்த வீட்டில் யாரும் குடியில்லை. உரிமையாளர் கீழே ஏதோ ஊரில் இருக்கிறாராம். நான் இதுவரை முகம் பார்த்ததில்லை. சாவி ஒரு பையனிடம் இருக்கும். ஆட்கள் வந்தால் திறந்துவிட்டு, பணத்தைப் போனில் வாங்கிக்கொண்டு, பைக்கில் இறங்கிவிடுவான். அப்புறம் அந்த மலைச்சரிவில் ராத்திரி முழுக்க என்ன நடந்தாலும் கேட்க ஆள் கிடையாது.

பொறாமையில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். எங்களுக்கு மூன்று அறை போதும், அதற்கு மேல் சமைக்க என்னால் முடியாது. நாங்கள் இந்தத் தொழிலுக்கு வந்ததே வேறு வழியில்லாமல்தான். என் மாமனார் காலத்தில் இந்த மலை முழுக்க விருப்பாச்சி வாழை. 2008இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அந்த மலைவாழைதான். முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமாக அழிந்தது. அப்புறம் காபியும் மிளகும்தான் சோறு போட்டன. விலை விழுகிற வருடத்தில் எல்லோரும் என்ன செய்வார்கள் தெரியுமா? நிழலுக்கு நிற்கிற பழைய மரத்தைக் காட்டி வியாபாரியிடம் முன்பணம் வாங்குவார்கள். எங்கள் தோட்டத்துப் பலாவும் சந்தன வேம்பும் இன்னும் நிற்கின்றன என்றால், அந்த வருடங்களில் விருந்தாளிகள் கொடுத்த பணம்தான் காரணம். அதனால் வருகிறவர்கள் மேல் எனக்கு மனத்தாங்கல் ஏதும் இல்லை.

தண்ணீர்க் கணக்கைச் சொல்கிறேன், அதைச் சொன்னால்தான் விஷயம் புரியும். எங்கள் பக்கம் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில். அந்தத் தண்ணீரை மலை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல ஊற்றில் விடும். மாசியில் ஊற்று சுருங்க ஆரம்பிக்கும். பங்குனிக் கடைசியில் 15 லிட்டர் குடம் ஒன்று நிரம்ப ஏழு நிமிடம் ஆகும். ராத்திரி பகல் விடாமல் பிடித்தாலும் ஒரு நாளைக்கு 200 குடத்துக்குக் கொஞ்சம் மேல், சுமார் 3,000 லிட்டர். அதில் பாதியை ஓடையில் விட்டாக வேண்டும், கீழே இரண்டு வீடுகள் அதை நம்பி இருக்கின்றன. மிச்சத்தில் நாங்கள் நாலு பேர், இரண்டு மாடு, காபி நாற்று, அப்புறம்தான் விருந்தாளிகள். பள்ளிக்கூடம் லீவு விடுவதும் ஊற்று சுருங்குவதும் ஒரே சமயத்தில் நடக்கிற ஊர் இது.

ஷவரைத் திறந்துவிட்டுக் கால் மணி நேரம் நின்றால் 150 லிட்டர் போய்விடும். பத்துக் குடம். எட்டுப் பேர் குளித்தால் 1,200 லிட்டர். எங்கள் வீட்டில் ஷவர் கிடையாது என்று முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுவேன். ஆளுக்கு இரண்டு வாளி, அதில் ஒன்று வெந்நீர். காபிச் செடியைக் கவாத்து செய்த குச்சியையும் சில்வர் ஓக் கிளையையும் போட்டுச் செம்புப் பாய்லரில் காய்ச்சுகிறோம். குளித்த தண்ணீர் வாழைக்கும் சேப்பங்கிழங்குக்கும் போகிறது. தலைக்குச் சீயக்காய், பாத்திரத்துக்குச் சாம்பலும் பூந்திக்கொட்டையும். இதைக் கேட்டுவிட்டு ‘சரி, வேண்டாம்’ என்று போனை வைப்பவர்களும் உண்டு. அவர்களுக்குக் கொடைக்கானலில் நல்ல ஓட்டல்கள் இருக்கின்றன.

முதல் வருடம் எங்களிடமும் ஷவர் இருந்தது, மறைப்பானேன். சித்திரையில் ஒரு கூட்டம் வந்து இரண்டே நாளில் தொட்டியைக் காலி செய்தது. மூன்றாம் நாள் நானும் வீட்டுக்காரரும் விடியற்காலையில் ஓடைக்குப் போய்க் குடம் குடமாகச் சுமந்தோம். அதைவிடப் பெரிய தப்பு ஒன்றும் செய்தோம். புதுக் குளியலறைக்குக் கழிவுநீர்க் குழியை ஊற்றுக்கு மேல்பக்கம் வெட்டிவிட்டோம். கொத்தனார், “ஒண்ணும் ஆகாதுக்கா, மண்ணு வடிகட்டிடும்” என்றார். நாங்களும் தலையாட்டினோம். ஒரு மாதம்கூட ஆகவில்லை. என் அத்தை, அதாவது வீட்டுக்காரரின் அம்மா, சொம்பில் மொண்டு ஒரு மடக்கு வாயில் விட்டார். விழுங்காமல் அப்படியே வாசலில் துப்பினார். “இது நம்ம தண்ணி இல்லையேடி” என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, வெறும் தண்ணீராகத்தான் இருந்தது. அறுபது வருடம் அதே ஊற்றைக் குடித்த நாக்கு அவருக்கு. குழியை மூடி, வீட்டுக்குக் கீழே தள்ளி வேறு வெட்டினோம். நாற்பதாயிரம் போனது.

மேலே இருக்கிற கட்டடத்தில் இந்தத் தப்பு நடந்தால் யார் துப்புவது? தண்ணீர் கெட்டால் அந்த உரிமையாளருக்கு எப்படித் தெரியும்? அவர் குடிக்கிற தண்ணீர் வேறு. கெட்ட ஆள் என்று சொல்லவில்லை, அவர் அங்கே இல்லை, அவ்வளவுதான். பன்னிரண்டு அறையிலும் ஷவர், போதாததற்குச் சின்ன நீச்சல் குளம், போர்வெல். போன சித்திரையில் எங்கள் ஊற்றில் குடம் நிரம்பப் பத்தொன்பது நிமிடம் ஆனது. அந்தப் போர்வெல்தான் காரணமா, மழை குறைந்தது காரணமா என்று நான் சத்தியம் செய்ய முடியாது. பேசிப் பார்க்கலாம் என்று போனேன். சாவிப் பையன், “எனக்கு என்னக்கா தெரியும்” என்றான். அவனுக்கு உண்மையிலேயே தெரியாது.

வெளிச்சமும் அப்படித்தான். கோடை மழைக்கு முன்னால் எங்கள் காபிச் செடிகளுக்கு மேலே மின்மினி வரும். ராத்திரி எட்டு மணிக்கு எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு விருந்தாளிகளைத் திண்ணையில் உட்கார வைப்போம். முதல் ஐந்து நிமிடம் பிள்ளைகள் “இருட்டு இருட்டு” என்று அழும். கண் பழகியதும் சத்தமே வராது. இப்போது மேலேயிருந்து நாலு ஃபிளட்லைட் எங்கள் சரிவைப் பார்த்து எரிகிறது. அந்தப் பக்கத்துப் பாத்தியில் இரண்டு வருடமாக மின்மினியைக் காணோம், வெளிச்சம் விழாத ஓடைப் பக்கம் மட்டும் கொஞ்சம் வருகிறது. காட்டுமாடும் பாதையை மாற்றிக்கொண்டு, இப்போது எங்கள் மாட்டுக் கொட்டகையை ஒட்டித்தான் இறங்குகிறது. விடியற்காலையில் கூவுகிற சீகாரப் பூங்குயில் மட்டும் யாருக்கும் அசரவில்லை. யாரோ சும்மா விசில் அடித்துக்கொண்டு போவது மாதிரியே இருக்கும். “யாருங்க காலங்காத்தால விசிலடிக்கிறது?” என்று கேட்காத விருந்தாளி அபூர்வம்.

குப்பை விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். சமையல் கழிவு மாட்டுக்கும் எருக்குழிக்கும் போய்விடும். பிளாஸ்டிக்கை என்ன செய்ய? இங்கே குப்பை வண்டி வராது. எரித்தால் காபிக் களத்தில் புகை, புதைத்தால் காட்டுப்பன்றி தோண்டும். எனவே, கொண்டுவந்தவர்களே திரும்ப எடுத்துப்போக வேண்டும் என்று வைத்திருக்கிறோம். ஒரு தடவை பெரிய உத்தியோகத்தில் இருக்கிற ஒருவர் குடும்பத்தோடு வந்தார். இரண்டு நாளில் சிப்ஸ் பாக்கெட், ஜூஸ் டப்பா, குழந்தையின் டயாப்பர் என்று நிறையச் சேர்ந்தது. கிளம்பும்போது எல்லாவற்றையும் துடைத்து, மடித்து, ஒரு மஞ்சப்பையில் கட்டி, கார் டிக்கிக்குப் பக்கத்தில் வைத்தேன். ஏதோ மிளகு, காபித்தூள் கொடுக்கிறேன் என்று நினைத்து அவர் ஆசையாகப் பிரித்தார். முகம் சிவந்துவிட்டது. “நீங்க கொண்டுவந்ததுதான் சார்” என்றேன். ஒன்றும் பேசாமல் எடுத்துப் போனார். வத்தலக்குண்டு இறங்குவதற்குள் ஒரு ஸ்டார் கொடுத்து, ‘விருந்தினர் கையில் குப்பையைக் கொடுத்து அனுப்பும் வீடு’ என்று எழுதிவிட்டார். அதைப் படித்துவிட்டே அப்புறம் இரண்டு குடும்பம் தேடி வந்தது என்பது வேறு கதை.

சாப்பாட்டைப் பற்றி நீட்டப் போவதில்லை. தோட்டத்தில் என்ன இருக்கிறதோ அதுதான்: அவரை, சௌசௌ, பட்டர் பீன்ஸ், மேல்மலைப் பூண்டு போட்ட ரசம், நாங்களே வறுத்து அரைத்த காபி. பலா மட்டும் பழுக்க விடாமல் பிஞ்சிலேயே இறக்கிவிடுவோம். பழுத்த வாசனைக்கு யானை வந்துவிடும். மேலே இருக்கிற தோட்டத்தில் ஏழெட்டுப் பலா மரம். காயை இறக்க ஆளில்லாமல் மரத்திலேயே பழுத்து விழுகிறது. போன வருடம் ஆனை வந்து முதலில் உடைத்தது எங்கள் வேலியைத்தான். இயற்கையோடு இணைவது என்று பலகையில் எழுதினால் போதாது, எந்த மாதம் எந்தக் காயை இறக்க வேண்டும் என்று தெரிந்த ஒரு ஆள் அந்த வீட்டில் தூங்க வேண்டும்.

கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று அளவும் வைத்தார்கள். 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுவந்தால் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி. எல்லாம் நல்லதுதான், வரவேற்கிறேன். ஆனால் இதெல்லாம் மலை ஏறுகிற வண்டியையும் பாட்டிலையும் எண்ணுகிறது. ஏறியவர்கள் எங்கே தங்குகிறார்கள், அங்கே பொறுப்புக்கு யார் இருக்கிறார்கள் என்பதைச் செக்போஸ்ட்டில் நின்று எண்ண முடியாது. டவுனில் இடம் கிடைக்காதவர்கள் கீழ்மலைக்குத்தான் இறங்குகிறார்கள். கட்டடங்களும் அவர்கள் பின்னாலேயே இறங்குகின்றன.

இதற்குப் புதுச் சட்டம் ஒன்றும் வேண்டாம். மத்திய சுற்றுலாத் துறையின் ‘பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் / ஹோம்ஸ்டே’ திட்டத்தில் ஏற்கெனவே தெளிவாக இருக்கிறது: உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும், வாடகைக்கு விடுவது ஆறு அறை, 12 படுக்கைக்கு மேல் போகக் கூடாது. நாங்கள் பதிவு செய்தபோது ரேஷன் கார்டு முதல் கரண்ட் பில் வரை காட்டச் சொன்னார்கள், காட்டினோம். பன்னிரண்டு அறைக்காரர் லாட்ஜ் என்று பதிவு செய்துகொள்ளட்டும், அதற்குரிய வரியும் விதியும் அவருக்கு வரட்டும். தொழில் செய்ய வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? அந்தச் சாவிப் பையனுக்கும் மாதம் ஏதோ சம்பளம் கிடைக்கிறது, அதை நான் கெடுக்க மாட்டேன். வீட்டிலேயே இருந்துகொண்டு ஓடையில் குப்பை கொட்டுகிற உள்ளூர்க்காரர்களையும் எனக்குத் தெரியும். அவர்களிடம் போய்ச் சண்டை போடலாம், கதவைத் திறப்பார்கள். மேல்வீட்டில் யாரிடம் சண்டை போடுவது?

உங்களிடம் ஒரு கோரிக்கை. கோடைச் சிறப்புப் பக்கத்தில் ஹோம்ஸ்டே என்று ஒரு இடத்தை எழுதும்போது, அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று நிருபரை ஒரு வரி கேட்டு எழுதச் சொல்லுங்கள். விளம்பரத்துக்கும் அதையே கேட்டால் இன்னும் நல்லது, உங்களுக்கு வருமானம் குறையும் என்பது எனக்கும் தெரியும்.

சுற்றுலாத் துறை அதிகாரிகளுக்கும் ஒன்று. ஆய்வுக்கு வருகிறவர்கள் புதன்கிழமை மத்தியானம் வருகிறார்கள். அந்த நேரத்தில் எல்லா இடமும் அமைதியாக, சுத்தமாகத்தான் இருக்கும். சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு வரட்டும். முதலில் எங்கள் வீட்டுக் கதவையே தட்டட்டும், அத்தைதான் திறப்பார், தூக்கம் கெட்ட கோபத்தில் நாலு வார்த்தை சொல்லவும் செய்வார். அப்புறம் மேலே போய்த் தட்டட்டும். வரும்போது டார்ச் லைட் எடுத்துவரச் சொல்லுங்கள். அது காட்டுமாடு எங்கள் வாசல் வழியாக இறங்குகிற நேரம்.

இப்படிக்கு,
கீழ்மலை வாசகி ஒருத்தி
பண்ணைக்காடு வழி, திண்டுக்கல் மாவட்டம்

(பெயர் போட வேண்டாம். வேலி ஒன்றுதான் நடுவில் இருக்கிறது.)