பெயர் கேட்டுப் போனவன்

செவ்வாய்ப்பேட்டை, சேலம்
ஞாயிறு இரவு

அன்புள்ள குமரேசா,

மிளகுப் பொட்டலம் வந்தது. அம்மா பிரித்த வேகத்தில் பாதியை ரசத்துக்கே எடுத்துவிட்டாள். மூட்டுவலி பரவாயில்லை. தட்டுவடை செட்டைக் கடிக்க முடியவில்லை என்பதுதான் இப்போது அவளுக்கு இருக்கும் ஒரே குறை.

ஏன் ஒரு மாதமாகப் பதில் இல்லை என்று கேட்டிருந்தாய். நான் மெயில் சர்வர் பார்த்துக்கொள்ளும் கொலுசு வியாபாரியிடம் ஒரு கூத்து நடந்தது. கணக்குப் பிரிவின் மெயில் பெட்டிக்குள் எவனோ புகுந்து ராத்திரி முழுக்கக் குப்பை மெயிலாக அனுப்பித் தள்ளியிருக்கிறான். விடிவதற்குள் எங்கள் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் சர்வரின் கதவு எண், கறுப்புப் பட்டியலில். பாஸ்வேர்டு என்ன தெரியுமா? கடைப் பெயரும் வருஷமும்.

ஆனால் என் தூக்கத்தைக் கெடுத்தது பாஸ்வேர்டு இல்லை. யார் வந்தார், என்ன கேட்டார் என்று சர்வர் எழுதிவைக்கும் லாகைப் பின்னோக்கிப் புரட்டினால், அதற்குப் பத்து நாள் முன்பே ஒருவன் வந்து ஒவ்வொரு பெயராகக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறான். ஒரு மெயில்கூட அனுப்பவில்லை. அட்மின், இன்ஃபோ, சேல்ஸ், அக்கவுண்ட்ஸ். அப்புறம் குமார், முருகன், செந்தில், செல்வம். இனிஷியலை முன்னால் வைத்து ஒரு முறை, பின்னால் வைத்து ஒரு முறை. நம்மூர் வழக்கம் தெரிந்த பட்டியல்!

நம் தெருவில் யாராவது வந்து, "முருகேசன் இருக்காருங்களா?" என்று கேட்டால் என்ன சொல்வோம்? "அந்தப் பேர்ல யாரும் இல்லைங்க, செல்வம்தான் இருக்காரு, எட்டு மணிக்கு மேல வருவாரு" என்று ஜாதகத்தையே ஒப்பித்துவிடுவோம். சர்வரும் அதைத்தான் செய்தது. பெயர் உண்டா என்று கேட்பதற்கென்றே வெரிஃபை என்றொரு கட்டளை, 1982-இல் ஜான் போஸ்டல் எஸ்எம்டிபி விதிகளை, அதாவது சர்வர்கள் மெயில் பரிமாறும் விதிகளை, எழுதியபோதே இருக்கிறது. அன்றைக்கு வலையில் இருந்தவர்களே கொஞ்சம் பேர். கேட்டவனைச் சந்தேகப்பட வேண்டியதில்லை.

நான் ஏமாந்த இடம் ஒன்று உண்டு. வெரிஃபை கேட்டால், எங்கள் சர்வரில் ஓடும் மெயில் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் 252 என்று பதில் தரும். "உறுதி சொல்ல முடியாது, மெயில் கொடு, முயன்று பார்க்கிறேன்" என்று அர்த்தம். ஆகா, பிடிகொடுக்காமல் பேசுகிறதே என்று நிம்மதியாக இருந்தேன். இல்லாத பெயரைக் கேட்டபோதுதான் 550 வந்தது, அப்படி யாரும் இல்லை என்று. ஆக, 252 வந்தாலே ஆள் இருக்கிறான் என்றுதானே பொருள்? செட்டிங்கில் டிசேபிள் வெரிஃபை என்ற ஒரு வரியை 'யெஸ்' ஆக்கினால் தீர்ந்தது. இத்தனை வருஷம் நான் அதைச் செய்யவில்லை.

அதை மூடினாலும் ஆர்சிபிடி இருக்கிறது. யாருக்கு மெயில் என்று சொல்லும் வரி அது. அதற்கும் இல்லாத பெயர் என்றால் 550தான். எல்லாப் பெயருக்கும் தலையாட்டி வாங்கிக்கொள்ளலாமே என்பாய். வாங்கியதைப் பிறகு திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்புநர் முகவரியே பொய் என்றால் சம்பந்தமில்லாத எவனோ ஒருவன் பெட்டி நிரம்பும். சத்தமில்லாமல் குப்பையில் போட்டால், ஒரு எழுத்தை மாற்றி அடித்த வாடிக்கையாளர் ஆர்டர் போய்விட்டது என்று காத்துக் கிடப்பார். இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் அந்தப் பதிலை உண்மையாகவே விட்டுவிட்டேன்.

ஒரே இணைப்பில் 10 தவறு ஆனதும் பதிலை இழுத்தடிப்பதும், 20 ஆனதும் துண்டிப்பதும் போஸ்ட்ஃபிக்ஸில் ஏற்கெனவே உண்டு. நம்மாள் ஏழெட்டுக் கேள்வியோடு எழுந்து போய், வேறு ஐபியில் திரும்பி வந்திருக்கிறான். பெயர் கிடைத்த பிறகும் அவசரம் இல்லை, ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பாஸ்வேர்டு. எந்த அலாரமும் அடிக்காது.

உன் எஸ்டேட் சர்வரின் லாகின் பக்கத்தையும் பார். பயனர் இல்லை, பாஸ்வேர்டு தவறு என்று இரண்டு வாசகம் இருந்தால் ஒன்றாக்கு. வாசகம் ஒன்றானாலும் நேரம் காட்டிக்கொடுக்கலாம்: இருக்கிற பெயருக்கு மட்டும் பாஸ்வேர்டு ஹாஷை (சரிபார்க்க உதவும் உருமாற்றிய வடிவத்தை) கணக்கிட்டால் பதில் கொஞ்சம் தாமதமாக வரும். தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய நாம் பயன்படுத்தும் ஓபன்எஸ்எஸ்எச்சிலேயே 2018-இல், பெயர் உண்டா இல்லையா என்று பதில் தரும் விதத்தில் காட்டிக்கொடுத்த ஓட்டை ஒன்று வெளிப்பட்டது.

வியாபாரி இப்போது எல்லாருக்கும் நீளமான பாஸ்வேர்டு, மொபைலில் ஓடிபி என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். பழைய கணக்கப்பிள்ளை மட்டும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அடுத்த ஞாயிறு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காட்டுக்கு வருகிறேன். லேப்டாப்பும் வரும். எஸ்டேட் சர்வரிடம் உன் பெயரைக் கேட்டுப் பார்ப்போம். அன்றைக்குக் கரண்ட் இருக்குமா என்று மட்டும் சனிக்கிழமை ஒரு போன் போடு.

அன்புடன்,
ரவி