தொடர் வளர்ப்புக் கருவிக்கு முன் பற்றரி வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நுண்ணங்கிகளை நாட்கணக்கில் இடைவிடாது வளர்க்கும் தன்னியக்கப் பரிசோதனையை வன்னி மாணவர்கள் தம் கையாலேயே அமைத்துப் பழக வேண்டும் என்று விரும்பும் ஆய்வுகூட உத்தியோகத்தர்களில் நானும் ஒருவன். அதற்குப் பணம் ஒதுக்குவோர் எதை முதலில் வாங்க வேண்டும் என்பதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1950 ஆம் ஆண்டில் பிரான்சில் ஜாக் மொனோவும் அமெரிக்காவில் நோவிக், சிலார்ட் இருவரும் தனித்தனியே விளக்கிய இம்முறை, குளக்கரையில் வளர்ந்த எம் பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கக்கூடியது. ஆற்றுநீர் வந்துகொண்டிருக்க, மேலதிக நீர் வானால் வழிய, குளத்தின் மட்டம் மாறாமல் நிற்பதைப் போல, குடுவைக்குள் புதிய ஊடகம், அதாவது நுண்ணங்கிகளுக்கான உணவுக் கரைசல், ஒரு பம்பியால் வந்துகொண்டிருக்கும். நுண்ணங்கிகள் கலந்த கலங்கல் நீர் அதே அளவு மற்றொன்றால் வெளியேறும். 20 மில்லிலீற்றர் குடுவைக்குள் மணிக்கு 4 மில்லிலீற்றர் ஊடகத்தை விட்டால், உள்ளே இருக்கும் மதுவம் (ஈஸ்ட்) ஏறத்தாழ மூன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரட்டித்தால்தான் அடித்துச் செல்லப்படாமல் தங்கும். கலங்கலின் அளவை ஒரு சிறு எல்இடி விளக்கும் ஒளியுணரியும் காட்டிக்கொண்டேயிருக்கும். ஒரு காற்றுக்குமிழி ஒளியின் வழியில் நின்றாலே அந்த அளவீடு பொய்த்துவிடும் என்பதால், இதற்குப் பொறுமையும் வேண்டும்.

எங்கள் ஆய்வுகூடத்தில் இதை அமைத்தபோது, மதுவம் குழாய் வழியே ஏறி ஊடகப் போத்தலைக் கெடுத்துவிடாதபடி, சேலைன் குழாயிலுள்ள சொட்டுக்கூட்டை இடையில் பொருத்தினோம். அது நன்றாகவே பயன்பட்டது. ஆனால், நான்காம் நாள் இரவு ஒரு மணிக்குப் போன மின்சாரம் மூன்று மணிக்கே வந்தது. காலையில் கதவைத் திறந்தபோது கலக்கியும் நின்றிருந்தது, பம்பிகளும் நின்றிருந்தன. கட்டுப்படுத்தும் சிறுகணினி மீண்டும் இயங்கத் தொடங்கியபின் யாரோ கட்டளையிடும்வரை காத்திருந்தது. குடுவையின் அடியில் மதுவம் வெண்சேறாகப் படிந்து கிடந்தது. மூன்று மாணவிகள் மாறிமாறி அளவெடுத்து எழுதிவந்த கொப்பி அந்தப் பக்கத்தோடு நின்றுபோனது இன்றும் எனக்கு வருத்தம் தருகிறது. குலைந்த சமநிலை திரும்பிவரக் குடுவையின் கொள்ளளவைப் போல் மூன்று முதல் ஐந்து மடங்கு ஊடகம் ஓட வேண்டும். எங்கள் ஓட்டத்தில் அது ஏறக்குறைய ஒரு நாள்.

இத்தனைக்கும், இத்தகைய பம்பிகள் பலவும் 12 வோல்ற் மின்னில் ஓடுபவை. ஒரு பற்றரி இருந்திருந்தால் அந்த இரவு கடந்திருக்கும். வெப்பநிலையும் இங்கே தனிச் சிக்கல். மதுவத்துக்கு உகந்தது 30 பாகை செல்சியஸ். எங்கள் சித்திரை மாத நண்பகலில் அறையே அதைத் தாண்டிவிடுவதால், சூடாக்கி மட்டும் பொருத்திய கருவி பயன்படாது, குளிரூட்டவும் வழி வேண்டும்.

ஆகவே, அறிவியல் நகரிலோ வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ இத்தகைய ஆய்வுக்கு மதிப்பீடு தயாரிப்போர், கருவியின் விலையை எழுதுமுன் பற்றரி, மாற்றுக் குழாய்கள், அறையைக் குளிர்விக்கும் செலவு, இரவில் ஒருவர் தங்கிப் பார்ப்பதற்கான கொடுப்பனவு ஆகியவற்றையும் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். மின்சாரம் வந்ததும் முன்னைய அமைப்பிலேயே தானாக ஓட்டத்தைத் தொடரும் கட்டுப்படுத்தியையே வாங்குமாறும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஆய்வுகூட உத்தியோகத்தர் ஒருவர்,
கிளிநொச்சி.