அது தங்கச் சரிகை அல்ல, வெள்ளி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வின்ஸ்டன் சர்ச்சிலின் இளமைக்காலம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். கட்டுரையில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. அதோடு வந்த வண்ணப் படத்தின் கீழே, "தங்கச் சரிகை வேய்ந்த அரச மெய்க்காவல் படை உடையில் சர்ச்சில்" என்று போட்டிருந்தீர்கள். அந்த ஒரு வரியில் இரண்டு பிழைகள். அவர் அணிந்திருப்பது தங்கச் சரிகை அல்ல, வெள்ளி. அது மெய்க்காவல் படையும் அல்ல. ஆக்ஸ்போர்ட்ஷயர் ஹுசார்கள் என்ற மாவட்டத்துப் பகுதிநேரக் குதிரைப்படை அது. இந்த இரண்டையும் திருத்தி ஒரு சிறு குறிப்பு வெளியிட வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் பெரிய காஞ்சிபுரத்தில் முப்பத்தெட்டு வருஷம் சரிகை வியாபாரம் பார்த்தவன். அப்பா தறியில் உட்கார்ந்தவர், நான் கடையில் உட்கார்ந்தேன். சூரத்திலிருந்து வரும் சரிகையை மார்க் என்ற சரிகை அளவுக் கணக்கில் வாங்கி நெசவாளிகளுக்குக் கொடுப்பது தொழில். நம் சேலைச் சரிகையும் உள்ளே வெள்ளிதான் என்பது தங்கள் வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். பட்டு நூலில் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன்மேல் பொன் ஏற்றுவார்கள். நகத்தால் சுரண்டிப் பார்த்து, அடியில் சிவப்புப் பட்டு தெரிந்தால்தான் அப்பா சரக்கை உள்ளே விடுவார். அந்தக் கண் எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

இப்போது மகள் வீட்டில், ஆக்ஸ்போர்டில் இருக்கிறேன். மகள் வேலைக்கும் பேத்தி பள்ளிக்கும் போன பிறகு பஸ் ஏறி உட்ஸ்டாக் போய்விடுவேன். சர்ச்சில் பிறந்த பிளெனம் அரண்மனை இருக்கும் ஊர். எல்லோரும் அரண்மனைக்குப் போவார்கள். நான் அந்த மாவட்டத்துப் படைவீரர்களுக்கென்று அங்கே இருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போவேன். முதல் நாள் ஒரு ஹுசார் குதிரைவீரரின் மேலங்கியைப் பார்த்தபோது மார்பில் குறுக்கே ஓடிய கயிற்று வேலை எனக்குச் சாம்பல் கலந்த கருப்பாகத் தெரிந்தது. கறுப்பு நூல் என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தால் மடிப்புக்குள் வெளிச்சம் படாத இடத்தில் வெள்ளி மினுங்கியது. பீரோவில் இருபது வருஷம் மடித்தே வைத்த முகூர்த்தப் புடவையின் முந்தானை கறுத்துப் போயிருக்குமே, அதே கறுப்பு. அங்கே தொண்டராக இருந்த பெரியவரிடம், "இது வெள்ளிதானே, ஏன் பொன் பூசவில்லை? செலவு கட்டுப்படியாகவில்லையா?" என்று கேட்டேன். அவர் என்னை உட்கார வைத்துச் சொன்ன பதிலுக்குப் பிறகு, நானும் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

செலவுக்கு அஞ்சி வைத்த வெள்ளி அல்ல அது. 1830இல் நான்காம் வில்லியம் மன்னர், நிரந்தரப் படை அதிகாரிகளின் உடுப்பில் பொன், மிலிஷியா எனப்படும் உள்நாட்டுத் துணைப்படைக்கு வெள்ளி என்று வகுத்தார். யோமன்றி எனப்படும் மாவட்டக் குதிரைப்படைகளிலும் பெரும்பாலானவை வெள்ளிதான் அணிந்தன. சில விலக்குகள் உண்டு. ஆகவே, சரிகையின் நிறத்தைப் பார்த்தே, இவர் சம்பளத்துக்குப் படையில் இருக்கிறவரா, வருஷத்தில் சில வாரம் வந்து போகிற உள்ளூர்க்காரரா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஆக்ஸ்போர்ட்ஷயர் படையில் வெள்ளி. தங்கள் படத்தில் அது மஞ்சளாகத் தெரிவதற்குக் காரணம் என்னவாக இருக்கும் என்றும் யோசித்தேன். மூலப் படம் கறுப்பு வெள்ளை. யாரோ கணினியில் நிறம் ஏற்றியிருக்கிறார்கள். ராணுவ உடை என்றால் பொன்னாகத்தான் இருக்கும் என்று அந்த இயந்திரம் நினைத்துவிட்டது. அதைப் பார்த்து எழுதியவரும் நம்பிவிட்டார்.

யோமன்றி என்றால் யார் என்று சொன்னால்தான் வெள்ளியின் பொருள் விளங்கும். பிரெஞ்சுக்காரர்கள் கடல் தாண்டி வந்துவிடுவார்கள் என்ற பயத்தில் 1794 முதல் இங்கிலாந்தின் மாவட்டங்களில் இப்படிக் குதிரைப்படைகள் எழும்பின. நிலப்பிரபுக்கள் அதிகாரிகள், சொந்த நிலம் வைத்திருந்தவர்களும் குத்தகை விவசாயிகளும் வீரர்கள். குதிரையை அவரவர் வீட்டிலிருந்தே ஓட்டி வந்தார்கள். ஆக்ஸ்போர்ட்ஷயர் படையின் தொடக்கம் 1798, வாட்லிங்டன் என்ற சிற்றூர். பிற்காலத்தில் ஆக்ஸ்போர்டு, உட்ஸ்டாக், ஹென்லி, பான்பரி என்று நான்கு அணிகள். சர்ச்சில் 1902இல் சேர்ந்தார், 1905இல் ஹென்லி அணியின் பொறுப்பை ஏற்றார். 1906இல் ஜெர்மன் சக்கரவர்த்தியின் படைப் பயிற்சியைப் பார்க்க பிரெஸ்லாவுக்குப் போனபோது அவர் எடுத்துப் போனதும் இந்தப் படையின் உடுப்புதான்.

ஹுசார் உடை ஹங்கேரியில் பிறந்தது. மார்பில் குறுக்கே ஓடும் கயிற்று வளையங்கள், மென்மயிர்த் தொப்பி, இடுப்புக் கச்சையிலிருந்து தோல் வார்களில் ஆடும் தட்டைப் பை எல்லாமே அந்த நாட்டுக் குதிரைக்காரர்களிடமிருந்து ஐரோப்பா முழுக்கப் பரவியவை. அந்த மென்மயிர்த் தொப்பிக்கு பஸ்பி என்று பெயர். அதன் ஒரு பக்கம் துணிப் பை ஒன்று தொங்கும், மேலே இறகுக் குஞ்சம் நிற்கும். எந்தப் படையின் ஹுசார் என்று தூரத்திலிருந்தே தெரிய அந்தப் பையின் நிறம் போதும். நம் ஊரில் சேலையின் கரையைப் பார்த்தே எந்த ஊர்த் தறி என்று பாட்டிமார் சொல்வார்கள் அல்லவா, அப்படி.

ஆக்ஸ்போர்ட்ஷயர் படைக்கென்று இருந்த நிறத்தை ஆங்கிலத்தில் மாண்டுவா பர்ப்பிள் என்கிறார்கள். என் கண்ணுக்கு அது வாடாமல்லி. இன்னும் ஒரு முக்கு அதிகம் தோய்த்த வாடாமல்லி என்று சாயக்காரர் சொல்வார். அந்த நிறம் வந்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. 1835இல் அரசி அடிலெய்டு ஆக்ஸ்போர்டுக்கு வந்தபோது இந்தக் குதிரைப்படை வழித்துணை போயிருக்கிறது. அந்தச் சேவைக்காக 'அரசியின் சொந்தப் படை' என்ற பட்டமும், அரசியின் நிறமான இந்த வாடாமல்லியும் கிடைத்தன. அடிலெய்டு யார் தெரியுமா? வெள்ளிக்கும் பொன்னுக்கும் வரம்பு கட்டிய அதே நான்காம் வில்லியத்தின் மனைவி. ஒரே உடுப்பில் மன்னரின் கட்டளை சரிகையாகவும் அரசியின் அன்பு நிறமாகவும் சேர்ந்துவிட்டன. இதை அறிந்த நாள் வீட்டுக்கு வந்து பேத்தியிடம் இரண்டு தரம் சொன்னேன்.

சின்னமும் அந்த அரசியுடையதே. அடிலெய்டு ரெஜினா, அதாவது அரசி அடிலெய்டு என்ற இரண்டு சொற்களின் முதல் எழுத்துகளை நேராக ஒரு முறையும் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி ஒரு முறையும் பின்னி, மேலே கிரீடம் வைத்திருக்கிறார்கள். முதலில் என்னால் எழுத்தாகப் படிக்கவே முடியவில்லை, கொடியும் கொழுந்துமாகத் தெரிந்தது. ஜக்கார்டு தறிக்கு டிசைன் போடுகிறவர்கள் கட்டத்தாளில் பாதி அன்னத்தை மட்டும் வரைந்து மறுபாதியைத் திருப்பி எடுப்பதைப் பார்த்தவன் என்பதால், நடுவில் ஒரு கோடு போட்டுப் பார்த்தேன். உடனே எழுத்து பிரிந்தது. மற்ற மாவட்டங்களின் சின்னங்கள் இவ்வளவு சிக்கலில்லை. கென்ட்டுக்குப் பாயும் வெள்ளைக் குதிரை, வாரிக்ஷயருக்குக் கட்டையைப் பிடித்து நிற்கும் கரடி, ஸ்டாஃபோர்ட்ஷயருக்கு ஒரு கயிற்று முடிச்சு, வூஸ்டர்ஷயருக்குப் பேரிக்காய்ப் பூ. அந்தந்த மண்ணின் அடையாளம் அந்தந்தத் தொப்பியில்.

உடுப்பு அழகாக இருக்கிறது என்பதற்காக அதை அணிந்தவர்கள் செய்ததெல்லாம் அழகு என்று நான் சொல்ல வரவில்லை. 1819இல் மான்செஸ்டரில் வாக்குரிமை கேட்டுக் கூடிய கூட்டத்துக்குள் உள்ளூர் யோமன்றிப் படை வாளோடு புகுந்தது. பெண்களும் செத்தார்கள். பீட்டர்லூ என்று இன்றும் அதை மறக்காமல் சொல்கிறார்கள். ஆக்ஸ்போர்டிலேயே, 1830 செப்டம்பரில், ஆட்மூர் என்ற பொது மேய்ச்சல் நிலத்தை வேலி போட்டு அடைத்ததை எதிர்த்த ஏழை விவசாயிகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்து, இந்த யோமன்றி வீரர்கள் சிறைக்குக் கொண்டு போனார்கள். அன்றைக்கு செயின்ட் கைல்ஸ் சந்தை. சந்தைக் கூட்டம் கல்லும் கட்டையும் எடுத்து வீரர்களை விரட்டிவிட்டுக் கைதிகளை அவிழ்த்துவிட்டது. அந்தத் தெருவில்தான் நான் பஸ்ஸுக்கு நிற்கிறேன். சர்ச்சில் மீதும் எனக்குப் பக்தி இல்லை. 1943இல் வங்காளம் பட்டினியில் கிடந்தபோது அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதை என் அப்பா கோபம் ஆறாமல் சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனாலும் ஒரு மனிதரை விமர்சிப்பதானாலும், அவர் போட்டிருந்த சட்டையைச் சரியாகச் சொல்லிவிட்டு விமர்சிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மெய்க்காவல் படை என்று போட்டது எனக்கு வருத்தமாக இருந்ததற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. 1908இல் யோமன்றிப் படைகள் டெரிட்டோரியல் என்ற பகுதிநேரப் படைக்குள் சேர்க்கப்பட்டன. சட்டப்படி அவர்கள் சொந்த நாட்டுக்குள் காவல் இருந்தால் போதும், கடல் தாண்ட வேண்டியதில்லை. போர் வந்தால் வெளிநாட்டுக்கும் வருகிறேன் என்று முன்கூட்டியே தானாக ஒப்புக்கொண்டவர் மட்டும் வலது மார்பில் ஒரு சிறிய வெண்ணிற உலோகத் தகடு குத்திக்கொள்ளலாம். மேலே கிரீடம், கீழே 'இம்பீரியல் சர்வீஸ்' என்ற எழுத்து, அவ்வளவே. மார்பு நிறைய வெள்ளிச் சரிகையைப் பார்த்த கண்ணுக்கு அந்தத் தகடு ஒன்றுமே இல்லை. எனக்கு அதைப் பார்த்தால்தான் நெஞ்சு கனக்கும். உழவும் குதிரையும் வீடும் இருக்கிற ஒருவன், யாரும் கட்டாயப்படுத்தாமல் சொன்ன 'சரி' அது. 1914 செப்டம்பரில் ஆக்ஸ்போர்ட்ஷயர் ஹுசார்கள் டன்கர்க்கில் இறங்கினார்கள். காக்கி உடுப்பில் போனார்கள். வாடாமல்லியும் வெள்ளியும் வீட்டுப் பெட்டியில் தங்கிவிட்டன. அந்த முழு அலங்கார உடை பிறகு பொதுவான படைகளுக்குத் திரும்பி வரவே இல்லை. இன்றைக்கு யோமன்றி வீரர்களை விழா நாட்களில் கருநீல உடுப்பில், தோளில் இரும்பு வளையச் சங்கிலியோடு பார்க்கலாம். வாள்வெட்டைத் தாங்கத் தோளில் சங்கிலி தைத்துக்கொண்ட பழக்கம், பஞ்சாபில் சண்டையிட்ட குதிரைவீரர்களிடமிருந்து வந்தது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

1922இல் ஆக்ஸ்போர்ட்ஷயர் படையிடமிருந்து குதிரைகளை எடுத்துவிட்டுப் பீரங்கியைக் கொடுத்தார்கள். பெயரை விடவில்லை. இரண்டாம் உலகப் போரில் அதன் ஒரு பீரங்கி அணி சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டு, 1942 பிப்ரவரியில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டது. அந்த ஆட்களை சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டு போனார்கள். மலேயாத் தோட்டங்களிலிருந்து நம் தமிழர்களை ஆயிரக்கணக்கில் அள்ளிக்கொண்டு போன அதே பாதை. காட்டு மழையில் சட்டை மக்கிப் போய், கோவணத்தோடு கல் சுமந்தார்கள். பான்பரிப் பக்கத்து ஆளும் பேராக் தோட்டத்து ஆளும் ஒரே காலராவுக்குச் செத்தார்கள். ஆங்கிலேயர் பலருக்குக் கல்லறையில் பெயரும் படைச்சின்னமும் இருக்கின்றன. நம்மவரில் பெரும்பாலோருக்குப் பெயர்ப் பலகை கூட இல்லை. மலேயா பற்றித் தாங்கள் கட்டுரை போடும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று வேண்டுகிறேன்.

1965 ஜனவரி 30ஆம் தேதி சர்ச்சிலின் இறுதி ஊர்வலத்தில், பெரிய பெரிய படைகளெல்லாம் முன்னால் போக, சவப்பேழைக்கு நேர் முன்னால் நடக்கும் இடம் இந்த மாவட்டத்துப் பகுதிநேரக்காரர்களுக்குக் கிடைத்தது. சர்ச்சிலே அப்படி விரும்பியிருந்தாராம். மெய்க்காவல் படை என்று போட்டால் இந்தச் செய்தியின் அருமையே போய்விடுகிறது. படையின் பெயர் இன்றும் பான்பரியில் ஒரு ராணுவ வாகனப் பிரிவுக்கு இருக்கிறது.

எனவே திருத்தக் குறிப்பில் இப்படிப் போட்டால் போதும்: "ஆக்ஸ்போர்ட்ஷயர் ஹுசார்கள் என்ற யோமன்றிக் குதிரைப்படையின் வெள்ளிச் சரிகை உடுப்பில் சர்ச்சில்." இடம் இருந்தால் கறுப்பு வெள்ளை மூலப் படத்தையே மறுபடி வெளியிடுங்கள்.

சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் பெண்கள் பக்கத்துக்குப் பயன்படும்: வெள்ளிச் சரிகையோ பொன் பூசியதோ, கறுத்துவிட்டது என்று பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், நாஃப்தலின் உருண்டையைச் சரிகை மேல் படும்படி வைக்காதீர்கள். பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்றி வையுங்கள். அருங்காட்சியகத்துப் பெரியவரிடமும் வேட்டி விஷயத்தைச் சொன்னேன். குறித்துக்கொண்டார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற சரிகை வியாபாரி,
பெரிய காஞ்சிபுரம் (தற்சமயம் ஆக்ஸ்போர்டு)