பத்து மீட்டர் தொலைவில் ஒரு சுவர்

அன்புள்ள மகனுக்கு,

நேற்றுத் தொலைபேசியில் நீ போகிறபோக்கில் சொன்ன ஒரு செய்தி இரவு முழுவதும் என் மனதை உறுத்திக்கொண்டிருந்தது. டிம்மில்தான் ஓட்டுகிறாய் என்றும், ஆனாலும் எதிரே வருகிறவர்கள் விளக்கை அடித்து அடித்துக் காட்டுகிறார்கள் என்றும், பல்பை நீயே மாற்றிய வாரத்திலிருந்து இப்படி நடக்கிறது என்றும் சொன்னாய். அவர்களுக்குப் பொறுமையில்லை என்று நீ நினைப்பது தவறு. உன் விளக்கு அவர்கள் கண்ணில் படுகிறது. ஹெட்லைட் தாழ்ந்திருந்தால் ஓட்டுகிறவனுக்கே தெரிந்துவிடும். உயர்ந்திருந்தாலோ சாலை இன்னும் நன்றாகத் தெரிவதுபோலத்தான் அவனுக்குத் தோன்றும். துன்பமெல்லாம் எதிரே வருபவருக்கு. கண்புரை அறுவைக்கு முந்தைய மாதங்களில் அப்படியோர் ஒளி என் முகத்தில் விழுந்து, சாலையின் ஓரக்கோடே மறைந்துபோன சில நொடிகளை நான் இன்னும் மறக்கவில்லை.

விளக்கின் உயரத்தைச் சரிசெய்யத் திருப்புளியை எடுப்பதற்கு முன் பல்பைப் பார். உன்னுடையது ஹெச்4 வகை. அதன் வளையத்தில் உள்ள மூன்று காதுகளும் அவற்றுக்குரிய பள்ளங்களில் சரியாக உட்கார்ந்தால்தான் இழை இருக்கவேண்டிய இடத்தில் இருக்கும். அது சிறிதளவு விலகினாலும் ஒளியின் வடிவமே குலைந்துவிடும், பிறகு எந்தத் திருகாணியைத் திருப்பியும் பயனில்லை. உன் குறை பெரும்பாலும் இங்கேதான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஹாலஜனுக்கென்று செய்த விளக்கில் எல்இடி பல்பைப் பொருத்தியிருந்தால், தயவுசெய்து அதைக் கழற்றிவிட்டுப் பழைய வகையையே போடு.

பல்பு சரியாக இருந்தால், வண்டியை அன்றாடம் ஓடும் நிலைக்குக் கொண்டுவா. டயர்களில் சரியான காற்றும் டேங்கில் பாதி எரிபொருளும் இருக்கட்டும்; டிக்கி காலியாக இருக்கட்டும்; டாஷ்போர்டில் விளக்கின் உயரத்தை மாற்றும் சக்கரம் இருந்தால் அது 0-வில் நிற்கட்டும்; ஓட்டுநர் இருக்கையில் ஏறக்குறைய உன் எடையுள்ள ஒருவர் உட்காரட்டும். நாங்கள் ஒருமுறை மறுநாள் பயணத்துக்கான மூட்டைகளை டிக்கியில் ஏற்றிவைத்துவிட்டு, நான் இருக்கையில் அமர, உன் அப்பா திருகாணியைத் திருப்பி அளவு வைத்தார். பாரத்தால் வண்டியின் பின்புறம் இறங்கி முன்புறம் தூக்கியிருந்ததை நாங்கள் எண்ணவில்லை. பயணம் முடிந்து மூட்டைகளை இறக்கியதும் ஒளி மிகவும் தாழ்ந்து, சாலை எங்கள் காலடியிலேயே முடிந்துவிட்டது.

சமதளமான இடத்தில், ஒரு சுவருக்கு மிக அருகில், அதற்கு நேர் எதிராக வண்டியை நிறுத்து. இரண்டு விளக்குகளின் நடுப்புள்ளியையும் சுவரில் குறித்து, அந்த உயரத்தில் டேப்பால் ஒரு கிடைக்கோடும், ஒவ்வொரு விளக்குக்கும் நேராக ஒரு செங்குத்துக்கோடும் ஒட்டு. பிறகு வண்டியைத் துளியும் கோணாமல் 10 மீட்டர் பின்னுக்கு எடுத்து, கிடைக்கோட்டுக்கு 10 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு போடு. இது 1 சதவீதச் சரிவு. உன் விளக்கின் உடலிலோ பானெட்டுக்குள்ளோ 1.2 சதவீதம் என்று அச்சிட்டிருந்தால், 12 சென்டிமீட்டர் என்று கொள்.

இந்தச் சிறிய அளவுக்கு ஏன் இத்தனை பாடு என்று நீ கேட்பாய். தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் விளக்கு 1 சதவீதம் சரிந்திருந்தால், அதன் ஒளியின் மேல்விளிம்பு 65 மீட்டரில் சாலையைத் தொடும். சரிவு 2 சதவீதமானால் அது 32.5 மீட்டராகச் சுருங்கிவிடும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அது ஒன்றரை நொடித் தொலைவுதான். சரிவே இல்லையென்றால் அந்த விளிம்பு சாலையைத் தொடாமல் நேராகப் போய், சிறு மேட்டில் உன் வண்டி ஏறும்போதெல்லாம் எதிரே வருபவரின் கண்ணில் நிற்கும்.

இருட்டியபின் டிம்மைப் போட்டு, ஒரு விளக்கின் முன்னால் அட்டையை நிறுத்தி மறை. கண்ணாடியின் மேல் துணியைப் போர்த்தாதே. விளக்கின் சூடு அதைக் கெடுத்துவிடும். பின்புறமுள்ள இரண்டு திருகாணிகளில் ஒன்று மேலும் கீழும், மற்றது பக்கவாட்டில் நகர்த்தும். எது எது என்பதை வண்டியின் கையேடு காட்டும். ஒவ்வொரு முறையும் கால் சுற்று மட்டும் திருப்பிப் பார். ஒளியின் மேல்விளிம்பில் தட்டையாக உள்ள பகுதி கீழ்க்கோட்டில் படிய வேண்டும். நீ ஓட்டும் பக்கத்துச் சாலையோரத்தை நோக்கி விளிம்பு மேலே ஏறத் தொடங்கும் முனை, அந்த விளக்கின் செங்குத்துக்கோட்டில் நிற்க வேண்டும். டிம்முக்கும் பிரைட்டுக்கும் உன் வண்டியில் ஒரே பல்பு என்பதால் பிரைட் தானாகவே உடன் வரும்.

முடித்த இரவே ஒருமுறை ஓட்டிப் பார். முன்னால் நிற்கும் காரின் பின்கண்ணாடிக்குக் கீழே உன் ஒளியின் விளிம்பு நிற்கிறதா என்று கவனி. நண்பர்களும் பெட்டிகளுமாகப் பின்புறம் நிறையும் நாள்களில் அந்தச் சக்கரத்தை 1-க்கோ 2-க்கோ திருப்பிக்கொள். அதன் பிறகும் எதிரே வருகிறவர்கள் விளக்கை அடித்துக் காட்டினால், அன்றைக்கே எனக்குச் சொல்.

அன்புடன்,
அம்மா