ஒட்டு பட்டுப்போன ரோஜா, பெயர் மாறி வந்த மல்லி: புகார் கடிதம்

திருவரங்கம், திருச்சி
18.11.2024

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
இணையவழிச் செடி விற்பனை நிறுவனம்.

பொருள்: ஆகஸ்ட் 9ஆம் தேதி வந்து சேர்ந்த ஐந்து செடிகளில் நான்கு பழுதானவை, 1,328 ரூபாயைத் திருப்பித் தரவும் பராமரிப்புத் தாளைத் திருத்தவும் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த ஆடி மாதம் உங்களிடம் ஒட்டு ரோஜா இரண்டும் (தலா 349 ரூபாய்) குண்டுமல்லி இரண்டும் (தலா 180) அடினியம் ஒன்றும் (450) வாங்கினேன். என் மாமியாருக்கு வயது 81. வீட்டுச் செடியில் பூத்ததைத் தம் கையால் பறித்துச் சாமிக்கு வைத்தால்தான் அவருக்கு மனம் நிறையும். கிணற்றடியில் பதினான்கு வருடமாக ஒரு குண்டுமல்லி நிற்கிறது. அதற்குத் துணையாகத்தான் இவற்றை வாங்கினேன். நான்கு நாளில் வரும் என்று சொன்ன பெட்டி ஒன்பதாம் நாள் வந்தது. அதை நான் பெரிதுபடுத்தவில்லை.

முதலில் ரோஜா. மல்லியில் பழக்கம் உண்டு. ஒட்டு ரோஜா வளர்ப்பது எனக்கு இதுவே முதல் முறை. வந்த ஒரு வாரத்தில் இலைகள் உதிர்ந்தன. பயணக் களைப்பு, தளிர்த்துவிடும் என்று உங்கள் உதவி மையத்தில் சொன்னார்கள். செப்டம்பர் நடுவில் இரண்டு செடியிலும் அடியிலிருந்து நீளநீளமாகப் பச்சைப் போத்துகள் கிளம்பின. மகிழ்ச்சியோடு படம் எடுத்து அனுப்பினேன். "உங்கள் ரோஜா நன்றாக வளர்கிறது, வாழ்த்துகள். மாதம் ஒரு முறை உரம் இடுங்கள்" என்று பதில் வந்தது. உரமும் இட்டேன். போத்துகள் என் இடுப்பு உயரத்துக்கு வந்தன. ஒரு மொட்டுகூட வரவில்லை.

தெருவில் தோட்ட வேலைக்கு வரும் பெரியவர் ஒருவர் பார்த்தவுடன் குனிந்து மண்ணைக் கொஞ்சம் விலக்கினார். தண்டில் ஒட்டுக் கட்டிய இடத்தில் பிளாஸ்டிக் நாடா அப்படியே இறுகியிருந்தது. அதை அறுத்து எடுத்தபோது, கட்டியிருந்த இடத்தில் பட்டை கறுத்து உள்வாங்கியிருந்தது. அதற்கு மேலே இருந்த தண்டை நகத்தால் கீறினால் காய்ந்த பழுப்பு நிறம், கீழே கீறினால் ஈரப் பச்சை. இரண்டு செடியிலும் இதே கதைதான். நான் காசு கொடுத்து வாங்கிய ரோஜா எப்போதோ பட்டுப்போய்விட்டது. வளர்ந்து நின்றது வேர்ச்செடி, அதாவது நல்ல ரோஜாவை ஒட்டிக் கட்டுவதற்காக அடியில் வேரோடு வைத்த வேறொரு ரோஜா. ஒரு காம்பில் சிற்றிலை ஐந்தாக இருந்தால் நல்ல ரோஜா, ஏழாக இருந்தால் காட்டு ரோஜா (வேர்ச்செடி) என்று சிலர் கணக்குச் சொல்வார்கள். அது எல்லா ரகத்துக்கும் பொருந்தாது. போத்து ஒட்டுக்கு மேலிருந்து வருகிறதா, கீழிருந்து வருகிறதா என்பதே கணக்கு. கீழிருந்து வந்தால் முளையிலேயே கிள்ளி எறிய வேண்டும். விட்டால் சத்தெல்லாம் அதற்கே போகும். நான் அனுப்பிய படத்தில் இது தெளிவாகத் தெரிகிறது. செடி விற்பதையே தொழிலாகக் கொண்ட உங்களிடம் அதைப் பார்த்துச் சொல்ல ஒருவர்கூட இல்லையா? வாழ்த்துக்குப் பதில் அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் இரண்டு மாதம் நான் தவறான செடிக்கு நீரும் உரமும் இட்டிருக்க மாட்டேன்.

இதைத் தெரிவித்தபோது, செடி கிடைத்த ஏழு நாளுக்குள் சொன்னால்தான் மாற்றித் தருவோம் என்று மறுத்துவிட்டீர்கள். ஒட்டு பிடித்ததா இல்லையா என்பது ஏழு நாளில் எனக்கு எப்படித் தெரியும்? மேல் தண்டில் தளிர் வந்த பிறகுதானே தெரியும்? நாடாவைப் பிரித்து, ஒட்டு பிடித்ததைப் பார்த்துவிட்டு அனுப்ப வேண்டியது நீங்கள்தான்.

ஏழு நாள் கணக்கும் உங்களுக்குச் சாக்குத்தான் என்பதற்கு மல்லியே சாட்சி. 'குண்டுமல்லி' என்று அட்டை கட்டி வந்த இரண்டில் ஒன்று ஜாதிமல்லி, எங்கள் பக்கம் பிச்சி என்றும் சொல்வோம். குண்டுமல்லிக்கு இலை தனித்தனியாக, அகலமாக இருக்கும். இதற்கோ ஒரே காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் வரிசை கட்டி நிற்கின்றன. பெட்டியைப் பிரித்த அன்றே படத்தோடு எழுதினேன். "பூவின் நிறம், அளவு மாறுபடலாம்" என்ற விதியைக் காட்டி அதையும் தள்ளிவிட்டீர்கள். பூவே வராத கன்றில் ஏது நிறமும் அளவும்? நான் சொன்னது இலையை. செடியே வேறு என்பதை. பிச்சியும் நல்ல பூதான், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் குண்டுமல்லியை நவம்பர் கடைசியிலும் பிச்சியை டிசம்பர் கடைசியிலும் கவாத்து செய்வது, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது, வழக்கம். அட்டையை நம்பி வளர்ப்பவர் தவறான பருவத்தில் வெட்டிவிட்டுப் பூவுக்குக் காத்திருப்பார்.

அடினியம் செத்ததற்கு உங்கள் பராமரிப்புத் தாள் மட்டுமே காரணம். ஐந்து செடிக்கும் ஒரே தாள்: "தினமும் இரண்டு வேளை நீர் ஊற்றவும், பிப்ரவரியில் கவாத்து செய்யவும்." அடினியம் ஆப்பிரிக்க, அரேபிய வறண்ட நிலத்துச் செடி. பருத்த அடித்தண்டிலேயே நீரைச் சேர்த்து வைத்திருக்கும். மண் நன்றாகக் காய்ந்த பிறகே நீர் கேட்கும். தாளில் போட்டபடி ஊற்றினேன். மூன்றாம் வாரம் அடித்தண்டை விரலால் அழுத்தினால் அழுகிய வாழைப்பழம் போல் உள்ளே போனது. குண்டுமல்லிக்கும் பிப்ரவரி கவாத்து ஆகாது. மார்ச்சில் பூக்க வேண்டிய தளிரைத்தான் அது வெட்டும். கிணற்றடி மல்லியை வளர்த்த பழக்கத்தால் எனக்கு இது தெரியும். புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் என்ன செய்வார்கள்?

சரியாக வந்த ஒரு குண்டுமல்லி நன்றாகவே வளர்கிறது. அதற்கோ அனுப்புச் செலவு 150 ரூபாய்க்கோ நான் எதுவும் கேட்கவில்லை. இரண்டு ரோஜா, அடினியம், பெயர் மாறிய மல்லி ஆகியவற்றின் விலை 1,328 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். ஒட்டு ரோஜாவுக்கான புகார் காலத்தை அறுபது நாளாக்குங்கள். ஒவ்வொரு செடிக்கும் தனித் தாள் அச்சிடுங்கள். ரோஜாவின் தாளில் ஒட்டு எங்கே இருக்கிறது என்று படம் போட்டுக் காட்டுங்கள். பணத்தைவிட இதைத்தான் நான் வற்புறுத்திக் கேட்கிறேன்.

விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்பது 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதி. புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடுவேன்.

வேர்ச்செடிகள் இரண்டையும் பிடுங்காமல் வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் யாராவது வந்தால் அறுத்த நாடாவையும் பட்டுப்போன தண்டையும் நேரில் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், செடிகளின் படங்கள், உதவி மையத்தின் பதில்கள், பராமரிப்புத் தாள்.