பஸ் பாஸில் இன்னும் ஓர் ஊர்ப் பெயர் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் பி.எஸ்.டபிள்யூ., அதாவது இளங்கலை சமூகப்பணி, மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் வையம்பட்டிப் பக்கம். அம்மா மணப்பாறையில் முறுக்கு சுற்றும் வேலைக்குப் போகிறார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். மாணவர்களின் பஸ் பாஸ் பற்றிய ஒரு கோரிக்கையை உங்கள் நாளிதழ் வழியாக அரசுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

எங்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு கிடையாது, களப்பணி. ஒருவரைக் குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்புவார்கள், இன்னொருவரை மருத்துவமனைக்கு, வேறொருவரைக் குடிசைப் பகுதிக்கு. காலை ஒன்பதரைக்குள் அங்கே வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். மாலை வரை வேலை. இரவு உட்கார்ந்து அறிக்கை எழுதி, மறுநாள் துறை மேற்பார்வையாளரிடம் கொடுக்க வேண்டும். எதற்காக அந்தக் கேள்வியைக் கேட்டாய், எதிரில் இருந்தவர் அழுதபோது நீ என்ன செய்தாய் என்று மேற்பார்வையாளர் வரிவரியாகக் கேட்பார். வகுப்பில் படித்ததைவிட அந்தக் கேள்விகளில் நான் கற்றதுதான் அதிகம். விரும்பினால் போகலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம் என்கிற வேலையல்ல இது. களப்பணியில் தேறாதவருக்கு எங்கள் கல்லூரியில் பட்டம் இல்லை.

ஆனால் என் பஸ் பாஸில் வையம்பட்டி - திருச்சி என்று மட்டுமே எழுதியிருக்கிறது. சென்ற ஆண்டு எனக்குக் கிடைத்த குழந்தைகள் இல்லம் திருச்சியைத் தாண்டி இருபது கிலோமீட்டர். இரண்டு பஸ் மாற வேண்டும். போக 27 ரூபாய், வர 27 ரூபாய். வாரத்துக்கு 108. பருவம் முழுவதும் கூட்டினால் ஆயிரத்து எழுநூறைத் தாண்டும். அம்மா அடுப்புக்கு முன்னால் எத்தனை நாள் உட்கார்ந்தால் அந்தப் பணம் வரும் என்று எனக்குத் தெரியும். அதனால் பல வாரம் வீட்டில் கேட்கவே வாய் வராது.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நகரத்துக்குள் களப்பணி கிடைத்த என் வகுப்புத் தோழிகளுக்கு அது எவ்வளவு பெரிய பலம் என்பதைக் கண்ணால் பார்க்கிறேன். பஸ் காசுக்கு யாரிடமும் கைநீட்டாமல் களத்துக்குப் போகிறார்கள், வருகிறார்கள். ஊர் தள்ளிப் புறநகர்ப் பேருந்தில் போக வேண்டியிருந்தால் அவர்களுக்கும் என் நிலைமைதான்.

சென்ற ஆண்டு பிப்ரவரியில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த இல்லத்தில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனோடு தனிநபர் பணி, அதாவது ஒருவரோடு மட்டும் தொடர்ந்து பழகி உதவும் வேலை, செய்துகொண்டிருந்தேன். அவன் பெயரையோ ஊரையோ எழுத மாட்டேன். சட்டமும் அனுமதிக்காது, நாங்கள் கற்ற ஒழுக்கமும் அதுதான். வந்த புதிதில் அவன் யாரிடமும் பேச மாட்டான். ஐந்து வாரம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து காகிதம் மடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். ஆறாவது வாரம் தன் தங்கையைப் பற்றிப் பேசத் தொடங்கினான். வியாழக்கிழமை வருகிறேன், மீதியைச் சொல் என்றேன். அந்த வியாழக்கிழமை கையில் பன்னிரண்டு ரூபாய்தான் இருந்தது. போகவில்லை. அடுத்த வாரம் போனபோது, அந்த வியாழக்கிழமை மாலை வரை அவன் வாசல் கதவுப் பக்கத்திலேயே நின்றதாகச் சமையல்கார அம்மா சொன்னார். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. காகிதத்தையும் வாங்கவில்லை. வருவதாகச் சொல்லிவிட்டு வராதவர்கள் அவன் வாழ்க்கையில் ஏற்கெனவே இருந்தார்கள். அந்த வரிசையில் நானும் சேர்ந்தேன். பருவம் முடியும் வரை தங்கையின் பேச்சை அவன் மறுபடி எடுக்கவே இல்லை.

பாஸில் அந்த ஊரைச் சேர்க்க முடியுமா என்று, பாஸ் கொடுக்கும் இடத்தில் துறைத்தலைவர் கடிதத்தோடு போய்க் கேட்டேன். வீட்டிலிருந்து கல்லூரிக்குத்தான் பாஸ் என்றார் அங்கிருந்தவர். அது விதி, புரிகிறது. கூடவே, “சேவைதானே தம்பி, கைக்காசு கொஞ்சம் போட்டால்தான் என்ன?” என்றும் கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனால் ‘சேவை’ என்ற அந்த வார்த்தையில்தான் சிக்கலே இருக்கிறது. சமூகப்பணி படித்துப் பயின்று செய்யும் தொழில். மும்பையில் இந்தப் படிப்புக்கென்றே ஒரு கல்வி நிறுவனம் 1936-இல் தொடங்கியது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-இல் சமூகப்பணிப் பள்ளியைத் தொடங்கினார். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் 1996-இல் மும்பையின் அதே நிறுவனத்தின் களத்திட்டமாகத்தான் பிறந்தது. குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் ஒரு சிறுவனை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் மாஜிஸ்திரேட்டுக்குப் பக்கத்தில் இரண்டு சமூகப்பணியாளர்கள் உட்கார வேண்டும், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இவ்வளவுக்குப் பிறகும், அன்னதானம் போடுவதற்கு ஒரு படிப்பா என்று என் சொந்தக்காரர்களே கேட்கிறார்கள். வேதியியல் மாணவரிடம், ஆய்வுக்கூடத்துக்குள் நுழைய வாராவாரம் டிக்கெட் எடு என்று யாரும் சொல்வதில்லை. எங்கள் ஆய்வுக்கூடம் ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கிறது.

நான் கேட்பது புதிய திட்டம் அல்ல. பாஸில் களப்பணி இடம் என்று இரண்டாவதாக ஒரு வரி. வாரத்தில் அந்த இரண்டு நாளுக்கு மட்டும் செல்லட்டும். துறைத்தலைவர் கையெழுத்தும், நாங்கள் போகும் நிறுவனத்தின் கடிதமும் இருந்தால் போதும். பருவம் மாறி இடம் மாறினால் அந்த வரியை மட்டும் மாற்றித் தரலாம். கற்பித்தல் பயிற்சிக்காகப் பள்ளிகளுக்குப் போகும் பி.எட். மாணவர்களுக்கும் இது உதவும்.

எனக்கு இது இறுதிப் பருவம். இனி இந்த மாற்றம் வந்தாலும் எனக்குப் பயன்படாது. ஜூலையில் அந்த இல்லத்துக்கு எங்கள் துறையிலிருந்து அடுத்த மாணவர் போவார். அந்தச் சிறுவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். போகிறவரின் பாஸிலாவது அந்த ஊரின் பெயர் இருக்கட்டும்.

இப்படிக்கு,
இளங்கலை சமூகப்பணி மூன்றாம் ஆண்டு மாணவன்,
வையம்பட்டி, திருச்சி மாவட்டம்.