பொலிக்குதிரை மறுபடியும் வாசலுக்கு வரட்டும்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் உள்ள ஹண்டர் பள்ளத்தாக்கின் வேளாண் கண்காட்சிச் சங்கங்களுக்கும் குதிரை வளர்ப்போருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெரியவர்களே, நண்பர்களே,

வணக்கம். இந்த மடலை முதலில் தமிழில்தான் எழுதுகிறேன். அப்புறம் ஆங்கிலத்தில் எழுதி உங்கள் கூட்டத்துக்குக் கொண்டுவருவேன். மனத்தில் இருப்பது எனக்குத் தமிழில்தான் முழுதாக வருகிறது. நம் ஊர்க்காரர்களும் இதைப் படிக்க வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

போன குளிர்காலத்தில் பேட்டர்சன் ஆற்றுப்பக்கம் ஒரு பழைய கொட்டகையைக் காலி செய்ய உதவிக்குப் போயிருந்தேன். சேணங்களுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் உள்ளங்கை அகலத்தில், இரண்டாக மடித்த ஓர் அட்டை. மடிப்பில் நூல் மாதிரி இற்றுப்போயிருந்தது. மேல்பக்கத்தில், பெட்டைகளோடு சேர்க்க வைத்திருந்த ஒரு பொலிக்குதிரையின் பெயர், நிறம், உயரம், அதன் தகப்பன், பாட்டன், பூட்டன். உள்ளே ஒரு வாரத்தின் கிழமைகள்: திங்கள் காலை இன்ன பண்ணை, மதியம் இன்ன ஆற்றுத்துறை, இரவு இன்ன சத்திரம். சனிக்கிழமை மறுபடி வீடு. கடைசியில் கட்டணம்: ஒரு பெட்டைக்கு அன்றைய ஆங்கிலேயப் பணத்தில் இரண்டு கினி, குதிரைக்காரருக்குத் தனியாக இரண்டரை ஷில்லிங், பணம் ஜனவரி முதல் தேதிக்குள். "கவனமாகப் பார்த்துக்கொள்வோம், ஆனால் எதற்கும் பொறுப்பேற்க மாட்டோம்" என்று பொடி எழுத்தில் ஒரு வரி.

உங்களில் பலர் வீட்டில் இப்படி ஓர் அட்டை இருக்கும். 1843-ல் தொடங்கிய மெய்ட்லண்ட் மெர்க்குரி பத்திரிகையின் பழைய இதழ்களில் வசந்தம் வந்தால் இதே விளம்பரங்கள்தான். ரேஸ் குதிரை, கோச் வண்டிக் குதிரை, ஏர் இழுக்கும் கிளைடெஸ்டேல், மட்டக்குதிரை, எல்லாம் 'இந்தப் பருவத்துக்கு' என்று வரிசையாக நிற்கும். அந்த விளம்பரங்களை நீங்கள் கண்காட்சியில் கண்ணாடிக்குள் வைக்கிறீர்கள். நான் கேட்பது வேறு. பொலியை வாசல் வாசலாகக் கொண்டுபோன அந்த ஏற்பாட்டையே மறுபடி நடத்துங்கள் என்று கேட்கிறேன்.

அது எவ்வளவு கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆற்றோரத்தில் மக்காச்சோளம் போட்ட குடியானவரிடம் இருந்தது ஒன்றோ இரண்டோ பெட்டைக் குதிரை. ஏர், வண்டி, சந்தை எல்லாம் அதன் முதுகில்தான். குதிரை சினைக்கு வரும் வசந்தமும் விதைப்புக் காலமும் ஒன்றாகவே வந்து விழும். பெட்டையைத் தூரத்துப் பண்ணையில் மூன்று வாரம் விட்டுவைத்தால் நிலத்தை யார் உழுவது? அதனால் பொலிக்குதிரை அவர் வாசலுக்கு வந்தது. ஏரிலிருந்து அவிழ்த்து, அரை மணி நேரம், மறுபடி ஏரில் பூட்டு. அவ்வளவுதான்.

வாரம் ஒரு முறை அதே வாசலுக்கு வருவதிலும் கணக்கு இருந்தது. பெட்டைக் குதிரைக்குப் பருவம் சுமார் 21 நாளுக்கு ஒரு முறை திரும்பும். வந்தால் ஐந்தாறு நாள் நிற்கும். முதல் வாரம் சேர்த்த பெட்டையை மூன்று வாரம் கழித்து வேலிக்கு இந்தப் பக்கம் நிறுத்தி, பொலியை அந்தப் பக்கம் கொண்டுவருவார்கள். காதை மடித்துக்கொண்டு உதைத்தால் சினை பிடித்துவிட்டது என்று அர்த்தம். வாலைத் தூக்கிக்கொண்டு நின்றால் மறுபடி சேர்க்க வேண்டும். டாக்டரும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம். பணம் ஜனவரியில் என்பதும் சும்மா இல்லை. கோதுமை அறுத்து, விற்று, கையில் காசு வந்த பிறகு கொடுக்கலாம்.

நான் பிறந்தது காங்கயம் பக்கம். எங்கள் ஊரில் ஒரு பொலிகாளை வைத்திருந்த தாத்தா ஒருவர் இருந்தார். மாட்டைப் பிடித்துக்கொண்டு போனால் முதலில் அதன் கண்ணைப் பார்ப்பார், பிறகு குளம்பைப் பார்ப்பார். "இதுக்கு இந்தக் காளை வேண்டாம், கன்னு பெருசாப் போயிரும், மாடு தாங்காது" என்று திருப்பி அனுப்பியதும் உண்டு. சினை ஊசி வந்தபிறகு அந்தக் காளையும் போனது, அந்தப் பார்வையும் போனது. ஊசி கெட்டது என்று சொல்லவில்லை. நானே பத்து வருடமாக இங்கே அந்த வேலையில் உதவியாளன்தான். ஆனால் மாட்டையும் காளையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சொல்ல ஒரு மனிதர் இருந்தார். அது பெரிய விஷயம்.

சரி, இன்றைய நிலைமைக்கு வருகிறேன். நம் பள்ளத்தாக்கில் பொலிக்குதிரைக்கா பஞ்சம்? ஸ்கோன் ஊரே ஆஸ்திரேலியாவின் குதிரைத் தலைநகரம் என்று சொல்லிக்கொள்கிறது. ரேஸ் குதிரைப் பொலிகள் இங்கே ஒரு பருவம், வட அரைக்கோளத்தில் ஒரு பருவம் என்று விமானத்தில் போய் வருகின்றன. சிலவற்றுக்கு ஒரு பெட்டைக்கான கட்டணம் லட்சம் டாலரைத் தாண்டும். அந்தத் தொழிலால் எத்தனையோ குடும்பம் சாப்பிடுகிறது, என் குடும்பமும்தான். ஆனால் அது ஒரே ஓர் இனம். ஏர்க் குதிரையும் மட்டக்குதிரையும் வேலர் என்ற பழைய ஆஸ்திரேலியக் குதிரையும் வைத்திருப்பவர்களின் பாடு வேறு.

என் பக்கத்துப் பண்ணையில் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா இருக்கிறார். அவரிடம் ஒரு கிளைடெஸ்டேல் பெட்டை, செம்பழுப்பு, நான்கு காலிலும் வெள்ளை. வண்டியில் பூட்டி ஓட்டப் பழகிய பெட்டை. நல்ல பொலி கிடைக்காமல் ஒரு பருவம் போனது. அடுத்த வருடம் தூரத்திலிருந்து குளிர்பெட்டியில் விந்து வரவழைத்தார். இரண்டு நாளுக்குள் போட்டாக வேண்டும். அதற்காகத் தினமும் ஸ்கேன், தினமும் செலவு. அன்றைக்குப் பார்த்து ஆற்றில் வெள்ளம், சாலை மூடல். பெட்டி வந்தபோது பருவம் முடிந்திருந்தது. அந்த அம்மா பெட்டையின் பிடரியைக் கோதிக்கொண்டே நின்றார், ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு இப்போது பதினாறு வயது. இனி எத்தனை பருவம்?

இப்படி ஒவ்வொரு பெட்டையாகக் குட்டி இல்லாமல் வயதாகிக்கொண்டிருக்கிறது. சஃபோக் பஞ்ச் என்ற ஏர்க் குதிரை, பிறந்த மண்ணான இங்கிலாந்திலேயே அருகிப்போய்விட்டது. இங்கே நம் வேலர் குதிரை இருந்த இடம் தெரியாமல் போய், 1980-களில் உள்நாட்டுப் பெரும் பண்ணைகளில் காட்டுத்தனமாகத் திரிந்தவற்றைப் பிடித்துவந்துதான் இனத்தைத் திரும்பத் தொடங்கினார்கள்.

வேலரைப் பற்றிச் சொல்லும்போதுதான் எங்கள் ஊர் வருகிறது. அந்தப் பெயரை வைத்ததே இந்தியாவில்தான். நியூ சவுத் வேல்ஸிலிருந்து வந்தவை, அதனால் வேலர். ராணுவத்துக்காகக் கல்கத்தாவிலும் சென்னையிலும் கப்பல் கப்பலாக இறக்கினார்கள். 1834-ல் வரைந்த ஒரு நீர்வண்ண ஓவியம் இருக்கிறது: ஆஸ்திரேலியக் குதிரைகள் சென்னைக் கடற்கரையில் இறங்குகின்றன, பக்கத்தில் கட்டுமரம், மசூலா படகு. அப்போது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. ஆணியே இல்லாமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த அந்தப் படகுகளை நம்பித்தான் எல்லாம் அலையைத் தாண்டின. இந்தச் சிற்றூர்களில் வாசல் வாசலாகப் போன பொலிகளின் குட்டிகளும் அந்த வியாபாரத்தில் கலந்தவைதான். அவற்றைக் கரையேற்றியது எங்கள் ஆட்களின் தோள். நம் ஊர்க்காரர்களும் படிக்க வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். சிட்னியிலும் நியூகாசிலிலும் இருக்கும் தமிழர்கள் இந்தக் குதிரையைப் பார்க்க வந்தால் அந்நியமாகப் பார்க்க வேண்டியதில்லை.

மட்டக்குதிரையும் அப்படித்தான், கடல் தாண்டி வந்தது. 1800-களின் தொடக்கத்திலேயே தீமோர் தீவிலிருந்து கொண்டுவந்தார்கள். சின்ன உடம்பு, கல் மாதிரிக் குளம்பு. பிறகு வேல்ஸ் நாட்டு இரத்தம் சேர்ந்தது. 1911-ல் டையால் கிரேலைட் என்ற வெள்ளைப் பொலியை ஆயிரம் கினி கொடுத்து வாங்கிவந்தார்கள் என்பது குதிரை வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த கதை. இதெல்லாம் கலந்து உருவான ஆஸ்திரேலிய மட்டக்குதிரைக்கு 1931-ல் தனி வம்சப் பதிவேடும் வந்தது. ஒரு குழந்தை முதலில் ஏறிப் பழகும் குதிரை அது. அந்தக் குணம் பொலியிலிருந்து வருகிறது. முரட்டுப் பொலியை வைத்துக்கொண்டு சாதுவான குட்டி கிடைக்காது.

நோய் பரவினால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். 2007 ஆகஸ்டில் குதிரைக் காய்ச்சல் வந்து நம் மாநிலத்தில் ஒரு குதிரையைக்கூட நகர்த்த முடியாமல் நின்றதை மறந்துவிட முடியுமா? அதனால் நான் பழைய மாதிரி நடத்திக்கொண்டு போகச் சொல்லவில்லை. இன்றைய சாலையில் நடத்தவும் முடியாது. ஒரு டிரெய்லர் போதும். பருவத்துக்கு முன்னால் பொலிக்கும் பெட்டைக்கும் பரிசோதனை, தடுப்பூசி, ஒவ்வொரு வாசலிலும் கழுவித் துடைத்து ஏற்றுவது. சங்கங்கள் சேர்ந்து மூன்று பொலிகளை ஏற்பாடு செய்யுங்கள்: ஒரு கிளைடெஸ்டேல், ஒரு வேலர், ஒரு மட்டக்குதிரை. செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை, ஒரே வழித்தடத்தில், வாராவாரம். கட்டணத்தில் பாதி குட்டி உயிரோடு பிறந்த பிறகு. சினைக்காலம் பதினொரு மாதம், அதுவரை பொறுக்கலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். குட்டியை வைத்துக் காப்பாற்ற இடமும் ஆளும் இல்லாதவர்களின் பெட்டையைச் சேர்க்கவே கூடாது. ஏலத்தில் யாரும் கேட்காமல் நிற்கும் மட்டக்குதிரைகளை நான் பார்த்திருக்கிறேன். அவை எங்கே போகும் என்பது உங்களுக்கும் தெரியும். காங்கயத்துத் தாத்தா மாதிரி, வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த ஒருவர் டிரெய்லரோடு போக வேண்டும்.

அப்புறம், அந்த அட்டையில் குதிரைக்கு மூன்று தலைமுறைப் பெயர் இருக்கிறது. கூடவே நடந்தவரின் பெயர் இல்லை. மழையில் நனைந்தவர், ஆற்றில் இறங்கியவர், இரவில் பொலிக்குப் பக்கத்திலேயே படுத்தவர் அவர்தான். தொடக்க காலத்தில் அந்த வேலையில் தண்டனைக் கைதிகளும் இருந்தார்கள். மந்தை மேய்ப்பதிலும் குதிரை பழக்குவதிலும் பழங்குடி மக்கள் பெயர்பெற்றவர்கள், ஆனால் அவர்கள் பெயரையும் யாரும் அச்சடிக்கவில்லை. அட்டையில் வெறும் 'மாவட்டம்' என்று போட்டிருப்பது வொன்னருவா என்ற பழங்குடி மக்களின் நிலம். 1820-களில் அவர்களைக் கேட்காமலே பங்குபோட்டுக் கொடுத்த நிலம். புதிய அட்டை அச்சடிக்கும்போது பொலியின் பெயருக்குக் கீழே அதை நடத்திவருபவரின் பெயரையும் போடுங்கள். அது யாருடைய நிலம் என்பதையும் அவர்களைக் கேட்டு, அவர்கள் சொல்கிறபடி போடுங்கள்.

என்னிடம் ஒரு மட்டக்குதிரைப் பொலி இருக்கிறது. பன்னிரண்டு கை உயரம் (ஒரு கை என்பது நான்கு அங்குலம்), சாம்பல் நிறம், ஒன்பது வயது, பதிவு பெற்றது. என் மகள் ஏறிப் பழகியது அதன் முதுகில்தான். ஒரு முறைகூடக் கடித்ததில்லை. இதன் குட்டிகள் இரண்டு இப்போது மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைச் சுமக்கின்றன. முதல் பருவத்துக்கு இதைக் கட்டணம் இல்லாமல் தருகிறேன். டிரெய்லரும் என்னுடையதையே எடுத்துக்கொள்ளலாம், சனி ஞாயிறு நானே ஓட்டுகிறேன். கிளைடெஸ்டேலுக்கும் வேலருக்கும் நீங்கள் வழி பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் கூட்டத்துக்கு வருகிறேன், அந்தப் பழைய அட்டையோடு. பெட்டை வைத்திருப்பவர்கள் அன்றைக்கே பதிவேட்டில் பெயர் எழுதட்டும். முதல் பெயராக என் பக்கத்துப் பண்ணை அம்மாவை எழுதிக்கொள்ளுங்கள், அவரிடம் கேட்டுவிட்டேன்.

அன்புடன்,
பேட்டர்சன் ஆற்றுப்பக்கத்துக் கால்நடை உதவியாளன்